முறுக்கினால் வளையாத பூட்ஸ்

ஞாயிறு அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடைகளில் கூடும் பைக் ரைடர்களைக் கவனித்திருப்பீர்கள். தலையில் விலை உயர்ந்த ஹெல்மெட், தோளிலும் முழங்கையிலும் கவசம் வைத்த ஜாக்கெட், கையில் கிளவுஸ் எல்லாம் இருக்கும். பார்வையைக் கீழே இறக்கினால் கான்வாஸ் ஷூ. சிலர் காலில் வெறும் செருப்பு.

ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் உண்டு. காலில் என்ன போட வேண்டும் என்பதைச் சட்டம் நம்மிடமே விட்டுவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, செருப்பு போட்டு ஓட்டினால் அபராதம் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அப்படி ஒரு பிரிவே கிடையாது என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. ஆக, பூட்ஸ் வாங்குவதும் வாங்காததும் முழுக்க நம் இஷ்டம். இஷ்டப்பட்டு வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கால் எப்படி அடிபடுகிறது?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். நடக்கும்போதும் ஓடும்போதும் மேலிருந்து இறங்கும் உடல் எடையைச் சுமப்பதில் இவை கெட்டி. பக்கவாட்டில் நசுக்கினாலோ முறுக்கினாலோ சீக்கிரம் தோற்றுவிடும். பைக்கிலிருந்து விழும்போது வருவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350இன் எடை 195 கிலோ. மணல் படிந்த திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி பக்கவாட்டில் படுக்கும். ஃபுட்ரெஸ்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே பாதம் மாட்டிக்கொள்ளும். இதற்கு வேகம்கூடத் தேவையில்லை. நிறுத்திய வண்டியைத் திருப்பும்போது சாய்ந்தாலே போதும்.

சாமான் பெட்டி கட்டிக்கொண்டு தொலைதூரம் போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. கரடுமுரடான பாதையில் வண்டி ஆடும்போது பழக்கதோஷத்தில் காலைத் தரையில் ஊன்றுவார்கள். கால் ஊன்றிய இடத்திலேயே நிற்கும், வண்டி முன்னே நகரும். பின்னாலிருக்கும் அலுமினியப் பெட்டி வந்து கெண்டைக்காலில் மோதி, காலை அடியில் இழுத்துக்கொள்ளும். பாதம் ஒரு பக்கம், முழங்கால் மறுபக்கம் என்று முறுக்கிக்கொள்ளும்போது இடையில் இருக்கும் கணுக்கால்தான் பலியாகிறது.

மூன்றாவது, உராய்வு. சறுக்கிக்கொண்டு போகும்போது தார்ச்சாலை உப்புக்காகிதம்போல் வேலை செய்யும். கான்வாஸ் துணி இதில் தாக்குப்பிடிக்காது.

சேஃப்டி ஷூ போதாதா?

தொழிற்சாலையில் போடும் இரும்பு மூக்கு சேஃப்டி ஷூ இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். அந்த ஷூவின் முன்முனை 200 ஜூல் மோதலைத் தாங்கும்படி சோதிக்கப்படுகிறது. கை தவறி விரல் மேல் விழும் சுமைக்கு அது சரியான பதில். ஆனால் கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளுக்கு அதில் காப்பு இல்லை. தடித்த மூக்கு கியர் லிவருக்கு அடியில் நுழைய அடம்பிடிக்கும். போதாக்குறைக்கு, பெரும்பாலானவற்றில் லேஸ். தொங்கும் லேஸ் ஃபுட்ரெஸ்டிலோ கியர் லிவரிலோ மாட்டிக்கொண்டால், சிக்னலில் காலை ஊன்ற முடியாமல் வண்டியோடு சாய வேண்டியதுதான். இருந்தாலும், செருப்புக்கு சேஃப்டி ஷூ எவ்வளவோ மேல்.

பூட்ஸைப் பிரித்துப் பார்த்தால்

டூரிங் பூட்ஸின் வெளிப்புறம் முழுத்தோலாகவோ மைக்ரோஃபைபராகவோ இருக்கும். மேல்பரப்பு சீவப்படாத முழுத்தோலில் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் உராய்வைத் தாங்கும் சக்தி அதிகம். அடிப்பக்கத்துத் தோலை உரித்து மேலே பிளாஸ்டிக் பூசியதும் பார்வைக்கு அதுபோலவே இருக்கும், விலையும் மலிவு. ஆனால் பூச்சு வெடித்த இடத்தில் சீக்கிரம் கிழியும்.

கணுக்காலின் இரு பக்கமும் கெட்டியான வட்டக் கவசம் இருக்கும். குதிகாலைச் சுற்றியும் விரல் நுனியிலும் தோலுக்கு உள்ளே கடினமான கூடு ஒன்று இருக்கும். கீழ்க்காலின் முன்னெலும்புக்குத் தனித் தகடு.

கண்ணுக்குத் தெரியாத முக்கியமான பாகம், அடிப்பாகத்துக்குள் புதைந்திருக்கும் தகடு. எஃகு, நைலான், கண்ணாடியிழை என்று எதிலாவது செய்திருப்பார்கள். மண்பாதையில் எழுந்து நின்று ஓட்டும்போது உடல் எடை முழுவதும் ஒல்லியான ஃபுட்ரெஸ்ட் மேல் இறங்கும். தகடு இல்லாத ஷூவில் அரை மணி நேரத்தில் உள்ளங்கால் வளைவு வலிக்கத் தொடங்கும். தகடு அந்த எடையைப் பாதம் முழுவதற்கும் பகிர்ந்துவிடும். விழும்போது பாதம் குறுக்கே நசுங்காமல் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

பூட்டுவதற்கு உள்பக்க ஜிப்பும் அதன்மேல் வெல்க்ரோ மடிப்பும் இருக்கும். பெரிய பூட்ஸில் பக்கிள்கள். விபத்தில் பூட்ஸ் கழன்று ஓடினால் அத்தனை கவசமும் வீண். அதனால் ஜிப் தானாக இறங்காதபடி அந்த மடிப்பு அதைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தகைய பூட்ஸ் வளர்ந்த இடங்களில் ஒன்று வட இத்தாலி. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மொன்டெபெல்லூனா, அசோலோ ஊர்களைச் சுற்றி மலையேறிகளுக்கும் பனிச்சறுக்கு வீரர்களுக்கும் பூட்ஸ் தைத்த குடும்பங்கள் இருந்தன. 1960இல் சிடி, 1963இல் ஆல்பைன்ஸ்டார்ஸ் என்று நிறுவனங்கள் அங்கே பிறந்தன. பாறையில் கணுக்கால் பிசகாமல் காக்கக் கற்ற கைகள், 1960களில் மோட்டோகிராஸ் பந்தயம் சூடுபிடித்தபோது அதே வித்தையை பைக்குக்குக் கொண்டுவந்தன.

நாக்கில் இருக்கும் நான்கு எண்கள்

ஐரோப்பாவில் பைக் பூட்ஸுக்கென்றே ஒரு தரநிலை இருக்கிறது: ஈ.என். 13634. இந்தியாவில் விற்கும் நல்ல பூட்ஸ் பலவும் இந்த முத்திரையோடு வருகின்றன. பூட்ஸின் நாக்கில் அல்லது உள்பக்கத்தில் தைத்த சிறு துணியில் பைக் ஓட்டுபவரின் படமும் அதன் கீழே நான்கு எண்களும் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2.

முதல் எண் பூட்ஸின் உயரம். இரண்டாவது உராய்வுத் தாங்குதிறன்: நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் சொரசொரப்பான பட்டையில் பூட்ஸின் துண்டை அழுத்திப் பிடிப்பார்கள். அடிபடும் வாய்ப்பு அதிகமுள்ள பகுதிகள் 5 நொடி தாங்கினால் 1, 12 நொடி தாங்கினால் 2. மூன்றாவது எண், மேலிருந்து விழும் கத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைச் சொல்கிறது. நான்காவது, குறுக்கு விறைப்பு. பாதத்தின் அகலமான பகுதியை இரு பக்கமும் அழுத்தி, 20 மில்லிமீட்டர் நசுக்க எவ்வளவு விசை தேவை என்று அளப்பார்கள். 1 கிலோநியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ எடையின் அழுத்தம் தேவைப்பட்டால் 1. அதைப்போல் ஒன்றரை மடங்கு தேவைப்பட்டால் 2.

எண்களுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் சில இருக்கலாம். ஐ.பி.ஏ. என்றால் கணுக்கால் கவசம் மோதல் சோதனையில் தேறியது, ஐ.பி.எஸ். என்றால் முன்னெலும்புக் கவசம், டபிள்யூ.ஆர். என்றால் தண்ணீர் புகாது. கணுக்கால் கவசச் சோதனை கட்டாயமில்லை என்பதைக் கவனியுங்கள். முத்திரை இருந்தும் ஐ.பி.ஏ. இல்லாத பூட்ஸ் நிறைய உண்டு.

சுகமா, காப்பா?

கடையில் போட்டு நான்கு அடி நடந்துவிட்டு, "கட்டை மாதிரி இருக்கு" என்று திருப்பி வைத்துவிடுகிறவர்கள் அதிகம். அந்தக் கட்டைத்தனம்தான் நாம் காசு கொடுத்து வாங்குவது. நடக்கும்போது இலகுவாக முறுக்கிக்கொடுக்கும் ஷூ, விழும்போதும் இலகுவாகவே முறுக்கிக்கொடுக்கும். நடைச் சுகமும் காப்பும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. நம் பயணத்துக்கு எந்த இடத்தில் சமரசம் செய்துகொள்வது என்பதுதான் கேள்வி.

ஏலகிரி, வால்பாறை என்று தார்ச்சாலையில் போய், இறங்கி ஊர் சுற்றுகிறவருக்குக் கணுக்காலை மூடிய உயரம் குறைந்த ரைடிங் ஷூ ஒத்துவரும். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்குக் கெண்டைக்கால் வரை வரும் டூரிங் பூட்ஸ். லடாக், ஸ்பித்தி என்று கல்லும் ஓடையும் கடக்கிறவருக்கு பக்கிள் வைத்த அட்வெஞ்சர் பூட்ஸ். அவற்றில் சிலவற்றின் கணுக்காலில் ஒரு கீல் இருக்கும். முன்னும் பின்னும் மடங்கும், பக்கவாட்டில் மடங்காது.

மழையும் வெயிலும்

தண்ணீர் புகாத பூட்ஸுக்குள் கோர்டெக்ஸ் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் நுண்துளைகள் தண்ணீர்த் துளியை உள்ளே விடாது, வியர்வை ஆவியை வெளியே விடும். ஆனால் ஆவி தானாக வெளியேறுவதில்லை. உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் நகரும். குளிர்ந்து வறண்ட லடாக்கில் அது அருமையாக வேலை செய்யும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ காற்றே ஈரமாக இருப்பதால் ஆவி தயங்கும், சாக்ஸ் நனையும். சமவெளியில் மட்டும் ஓட்டுபவருக்குக் காற்றோட்டத் துளைகள் உள்ள சாதாரண பூட்ஸும், மழைக்கு மேலே மாட்டும் உறையும் நல்ல ஏற்பாடு.

பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும், தோல் ஊறிக் கொப்புளம் வரும். கம்பளியோ செயற்கை இழையோ கலந்த, பூட்ஸைவிட உயரமான சாக்ஸ் நல்லது. இன்னொன்று: மழையில் பேன்டை பூட்ஸுக்குள் செருகினால் தண்ணீர் தொடைவழியே வழிந்து உள்ளே இறங்கும். தண்ணீர் புகாத பூட்ஸிலிருந்து தண்ணீர் வெளியேயும் போகாது. மழை பேன்ட் எப்போதும் பூட்ஸுக்கு மேலேதான் இறங்க வேண்டும்.

கடையில் என்ன செய்ய வேண்டும்?

மாலையில் போங்கள், பகல் முழுக்க நடந்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். பயணத்தில் போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். முதலில் பூட்ஸின் முனையை ஒரு கையிலும் குதிகாலை மறுகையிலும் பிடித்து முறுக்குங்கள். சுலபமாகத் திரும்பினால் திரும்ப வைத்துவிடுங்கள். குதிகாலை இரு விரலால் அமுக்குங்கள், குழியக் கூடாது. கணுக்கால் கவசம் உங்கள் எலும்பின் மேலேயே உட்காருகிறதா என்று தடவிப் பாருங்கள். உயரம் மாறினால் கவசம் இருந்தும் பயனில்லை.

போட்டதும் விரல்கள் அசைய இடம் வேண்டும், குதிகால் மட்டும் மேலெழக் கூடாது. சில ஐரோப்பிய பூட்ஸ் முன்பாதம் குறுகலாக வரும். செருப்பில் வளர்ந்து விரிந்த பாதக்காரர்கள் எண்ணை மட்டும் நம்பாமல் போட்டுப் பார்ப்பது அவசியம். நின்று பார்த்துத் திருப்திப்படாமல் பைக்கில் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் மடங்கும்போது பூட்ஸின் மேல்விளிம்பு காலை வெட்டுகிறதா? கியர் லிவருக்கு அடியில் மூக்கு நுழைகிறதா? இடித்தால் பூட்ஸை மாற்றத் தேவையில்லை. லிவரின் போல்ட்டைத் தளர்த்தி, பல் வெட்டிய தண்டில் ஒரு பல் மேலே ஏற்றி மாட்டினால் போதும். மெக்கானிக்குக்கு ஐந்து நிமிட வேலை. தடித்த அடிப்பாகத்தால் உயரம் குறைந்தவர்களுக்கு ஒரு லாபமும் உண்டு, கால் இன்னும் நன்றாகத் தரையில் ஊன்றும்.

நனைந்த பூட்ஸை வெயிலிலோ ஹீட்டர் முன்னோ வைக்காதீர்கள். தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். அதற்காகப் போடாமலே பாதுகாக்கவும் வேண்டாம். சில பூட்ஸின் அடியில் இருக்கும் பாலியூரிதேன், ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் உள்ளுக்குள் சிதைந்து, ஒருநாள் நடக்கும்போதே உதிர்ந்துவிடும். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் வாங்குகிறவர்கள் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குவது நல்லது.

புது பைக் வாங்கியதும் நம்மில் பலர் முதலில் மாற்றுவது சைலன்சரைத்தான். அந்தக் காசில் ஐ.பி.ஏ. எழுத்தும் நான்காவது எண்ணில் 2உம் உள்ள ஒரு ஜோடி பூட்ஸ் வந்துவிடும். ஹெல்மெட்டுக்கு அடுத்த செலவு அதுவாக இருக்கட்டும்; சைலன்சர் அடுத்த வருஷ போனஸ் வரை காத்திருக்கும்.