ஓய்ந்த மின்கலத்தில் எஞ்சிய உயிர்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. உலர்மின்கலமும் அங்கே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் செய்தி அறியும் வேட்கை எந்தத் தடைக்கும் அடங்கவில்லை. இரவுச் செய்தி நேரத்தில் முற்றத்திலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவர். ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவார். சில்லோடு உராயும் டைனமோ மின்னைப் பிறப்பிக்கும். வானொலி பேசத் தொடங்கும்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். சாவகச்சேரியின் வீடுகளும் பள்ளிகளும் கோவில் மண்டபங்களும் நிரம்பி வழிந்தன. அக்காலத்தில் ஓய்ந்த மின்கலத்தை எவரும் எளிதில் எறிந்துவிடவில்லை. அதனை வெயிலில் வைத்தனர். தலையிலே துளையிட்டு உப்புநீர் வார்த்தனர். சிறிது நேரத்துக்கு அது மீண்டும் வேலை செய்தது.

இது மாயமன்று. மின்கலத்தின் உள்ளேயுள்ள ஈரப்பசை உலர உலர மின்னோட்டத்துக்கு எதிரான அகத்தடை பெருகுகிறது. உப்புநீர் அப்பசையை நனைத்து அத்தடையைக் குறைக்கிறது. வெயிலின் வெப்பமோ உள்ளே நிகழும் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்துகிறது. எனவே, ஓய்ந்ததென்று கருதப்படும் மின்கலம் வெறுமையானதன்று என்பதை அம்மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

புதிய உலர்மின்கலம் ஒன்றின் அழுத்தம் 1.5 வோல்ற்று. அது 1 வோல்ற்றை அணுகியதும் பல கருவிகள் இயங்க மறுக்கின்றன. கோடையிலே கிணற்று நீர் தாழ்ந்துவிட, துலாக்கயிறு எட்டாமற் போவதை இதற்கு ஒப்பிடலாம். நீர் இருக்கிறது, வாளிதான் அதனைத் தொடவில்லை. கயிற்றை நீட்டினால் எஞ்சிய நீரையும் அள்ளலாம். மின்கலத்துக்கு அவ்வாறு கயிறு நீட்டுவதே அழுத்தமுயர்த்திச் சுற்று.

வெண்ணிற ஒளிகாலும் இருவாயி ஒளிர ஏறக்குறைய 3 வோல்ற்று வேண்டும். 1990களின் பிற்பகுதியிலேயே அது சந்தைக்கு வந்தது. 1999இல் இங்கிலாந்தின் மின்னணுவியற் சஞ்சிகை ஒன்றிலே, ஒரே மின்கலத்தால் அதனை ஒளிர்விக்கும் எளிய சுற்றொன்றைக் கப்பார்னிக் என்பவர் வெளியிட்டார். பின்னர் அதற்கு 'யூல் கள்வன்' என்ற பெயர் நிலைத்தது. யூல் என்பது சக்தியின் அலகு. எஞ்சிய சக்தியைக் களவாடுவதால் இப்பெயர்.

ஒரு திரான்சிற்றர், ஒரு தடையி, ஒரு பெரைற்று வளையம், அதன்மேல் ஏறக்குறைய இருபது சுற்றுக் கொண்ட இரு கம்பிச் சுருள்கள், ஓர் ஒளிகாலும் இருவாயி: இவையே அதன் உறுப்புகள். பழுதாகிய சி.எப்.எல். விளக்கினுள்ளும் அத்தகைய வளையம் கிடைப்பதுண்டு. மின்கலத்திலிருந்து முதற் சுருளினூடே மின்னோட்டம் பெருகும்போது, இரண்டாஞ் சுருள் திரான்சிற்றரை மேலும் திறக்கிறது. வளையம் காந்தத்தால் நிறைவுற்றதும் அத்தூண்டல் ஓய்ந்து, திரான்சிற்றர் சடுதியாக மூடிக்கொள்கிறது. விரைந்தோடும் சைக்கிளைச் சடுதியாக நிறுத்தினால் ஓட்டுபவர் முன்னே தள்ளப்படுவதுபோல, தடைப்பட்ட மின்னோட்டம் அழுத்தத்தை உயர்த்திக்கொண்டு இருவாயியினூடே பாய்கிறது. விநாடிக்குப் பல்லாயிரம் தடவை இவ்வாறு நிகழ்வதால் கண்ணுக்கு இடைவிடாத ஒளியே தெரிகிறது. தொடங்குவதற்கு ஏறக்குறைய 0.6 வோல்ற்றுப் போதும். தொடங்கியபின் அதற்கும் கீழே சென்று இயங்கும்.

ஆனால் இச்சுற்று சக்தியைப் படைப்பதில்லை. விளக்குக்கு 3 வோல்ற்றில் 10 மில்லியம்பியர் வேண்டுமாயின், 1 வோல்ற்று மின்கலம் குறைந்தது 30 மில்லியம்பியரைக் கொடுத்தாக வேண்டும். சுருளிலும் திரான்சிற்றரிலும் வெப்பமாக வீணாவது அதற்கு மேலதிகம். அழுத்தம் உயர்ந்தால் அதற்கு ஈடாக மின்னோட்டத்தில் விலை கொடுத்தேயாக வேண்டும். மின்கலம் தளரத் தளர ஒளியும் மங்கிக்கொண்டே போகும். புத்தகம் படிக்கும் பிள்ளைக்கு அது நல்ல விளக்காகாது. இருட்டிலே வழி காட்டும் சிறு விளக்காகலாம்.

வானொலிக்கும் இது ஏற்றதன்று. சுற்றின் விரைவான துடிப்பு அருகிலுள்ள மத்திய அலை வானொலியில் இரைச்சலாய்க் கேட்கும். சைக்கிள் டைனமோவே அதற்கு மேலானது. அதிலும் எச்சரிக்கை வேண்டும். டைனமோ தருவது ஆடலோட்டம். நான்கு இருவாயிகளால் அதனை நேரோட்டமாக்கி, கொள்ளளவியொன்றால் அலைவைத் தணிக்க வேண்டும். மிதி வேகம் மிஞ்சினால் அழுத்தம் ஏறி வானொலி பழுதாகலாம்.

பரிசோதனையில் ஈடுபடுவோர் மறக்கலாகாதவை வேறும் உள. அடிமட்டம்வரை வறண்ட மின்கலத்தின் நாகக்கூடு அரிக்கப்பட்டு உள்ளீடு கசியும். அதனைக் கருவியினுள்ளே விட்டுவைக்கலாகாது. மீள மின்னேற்றத்தக்க மின்கலத்தை இச்சுற்றால் முற்றாக வறட்டினால் அதன் ஆயுள் குறையும். மின்னேற்றத்தகாத மின்கலத்தை மின்னேற்ற முயல்வதோ வெடிப்புக்கு இடமளிக்கும்.

இன்று சாவகச்சேரியில் ஆளியை அழுத்தினால் விளக்கு எரிகிறது. அங்கே ஒரு மாணவர் பழைய வளையமொன்றிலே கம்பி சுற்றி, எறிந்த மின்கலத்தால் ஒளி பெறுவாராயின் அது வெறும் விளையாட்டன்று. தீர்ந்தது என்று சொல்லுமுன் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்து பார்க்கும் பழக்கத்தை அது கற்பிக்கிறது. அவருடைய மூத்தோர் அப்பாடத்தைக் கற்றது மின்னற்ற முற்றத்திலே, சுழலும் சில்லின் அருகே.