மரக்கட்டை லாரியில் ஏறுவதற்கு முன்: காட்டில் கம்பிவடம் பிடிப்பவர்கள்

கிரீக், குவா மூசாங் பக்கம் கார் ஓட்டியவர்கள் ஒருமுறையாவது மரக்கட்டை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போயிருப்பார்கள். அந்த மரத்தை வெட்டுவது பாதி வேலைதான். வெட்டியதைக் காட்டைவிட்டு வெளியே கொண்டுவருவதே பெரும் பாடு.

தீபகற்ப மலேசியாவின் காப்புக்காடுகளில் 1978 முதல் தேர்ந்தெடுத்து வெட்டும் முறை நடப்பில் உள்ளது. வன இலாகா குறியிட்ட மரங்களை மட்டுமே வெட்டலாம். அதனால் சாய்த்த மரங்கள் ஒரே இடத்தில் இருக்காது; சரிவிலும் பள்ளத்திலும் தள்ளித் தள்ளிக் கிடக்கும்.

டிராக்டர் இழுப்புப் பாதையில் நிற்கும். உதவியாளர் அதன் கம்பிவடத்தைத் தோளில் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்குவார். மரத்தின் அடியில் வடத்தை நுழைத்து, சுருக்கிட்டு, விலகி நின்று கை காட்டுவார். அதன் பிறகே ஓட்டுநர் வடத்தைச் சுருட்டி மரத்தை மேலே இழுக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் விட்டமும் 10 மீட்டர் நீளமும் உள்ள ஒரு மெராந்தி மரம் ஏறக்குறைய 2 டன் இருக்கும்.

ஆபத்து இங்கேதான். வடம் அறுந்தால் சாட்டைபோல் வீசும். அடிக்கட்டையில் முட்டிய மரம் திடீரெனத் திரும்பும், சரிவில் உருளும். மேலே சிக்கிய கிளைகளும் விழலாம். ஆகவே உதவியாளர் மரத்துக்கு மேட்டுப்பக்கம், வடம் வீசும் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். அவர் ஓட்டுநரின் கண்ணில் படாதவரை வடத்தை இழுக்கக்கூடாது.

விதி தெரிந்தும் அவசரம் ஏன்? வெட்டுமரத் தொழிலில் கூலி பெரும்பாலும் டன் கணக்கில்தான். மழை பெய்தால் பாதை சேறாகும், வேலை நின்றுவிடும். மழை நாளில் பால்மரம் வெட்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்த தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல. விட்ட கூலியை வெயில் நாளில் பிடிக்கப் பார்க்கும்போதுதான் கவனம் தவறுகிறது.

இழுத்துவந்த மரங்கள் ‘மாத்தாவ்’ எனப்படும் திடலில் சேரும். அங்கு அளந்து, எண் இட்டு, உரிய பாஸ் பெற்ற பிறகே லாரி புறப்படலாம்.

தொழிலாளிக்கும் பதிவு முக்கியம். வேலை விபத்தைப் பற்றித் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். முறையாக வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி 1 முதல் சொக்சோ பாதுகாப்பு உண்டு. காட்டு வேலைக்குப் போகுமுன் தன் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை. மரத்துக்கு எண் இருக்கும்போது, அதை இழுத்தவரின் பெயரும் ஏட்டில் இருக்க வேண்டும்.