கேட்டில் ஒட்டிய தாள்

காலை டீக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்துவிடுவார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேற்று பேச்சு 2020 கொரோனா காலத்துக்குப் போனது. அப்போது எங்கள் தெருவில் நாலாவது வீட்டு கேட்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். யார் பெயர், வீட்டில் எத்தனை பேர், எந்தத் தேதி வரை தனிமை, எல்லாம் அதில் இருந்தது. பால்காரர் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுப்பார். கெடு முடிந்து தாளைக் கிழித்த பிறகும் அந்த வீட்டுப் பிள்ளையோடு விளையாட வெகுநாள் யாரும் போகவில்லை. பசை காய்ந்த தடம் இன்றைக்கும் அந்தக் கேட்டில் இருக்கிறது.

"இருந்தாலும் சார், எந்த வீடுன்னு தெரிஞ்சாத்தானே நாம ஜாக்கிரதையா இருக்க முடியும்?" என்றார் அண்ணன்.

அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். பயம் வந்தால் முதலில் வாயில் வருவது 'யாருக்கு?' என்ற கேள்விதான். இதே கேள்வியோடு தென் கொரியா ஆறு வருஷம் மல்லுக்கட்டியது. அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன்.

2015 மே மாதம், மத்தியக் கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவர் வழியாக அங்கே மெர்ஸ் என்ற தொற்றுநோய் நுழைந்தது. என்ன காய்ச்சல் என்று தெரியாமல் அவர் ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார். பிறகு தொற்று பரவியதும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேதான். ஆனால் எந்தெந்த ஆஸ்பத்திரி என்ற முழுப் பட்டியலை ஜூன் 7 வரை அரசு வெளியிடவில்லை. ஜனங்கள் காதில் விழுந்ததை வைத்துத் தாங்களே இணையத்தில் வரைபடம் போட ஆரம்பித்தார்கள். கடைசியில் 186 பேருக்குத் தொற்று, 38 பேர் சாவு. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்கப் போகிற இடத்தில் நோய் இருக்கிறது என்று ஒருவருக்குச் சொல்லாமல் விடுவதை எப்படி மன்னிப்பது? அந்தக் கோபம் நியாயமானது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். கொள்ளைநோய் பரவினால் நோயாளி போன வழி, ஏறிய வண்டி, பார்த்த ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அரசு மக்களுக்குச் சொல்லியாக வேண்டும். செல்போன் இருந்த இடம், கார்டு தேய்த்த கணக்கு ஆகியவற்றையும் கேட்டு வாங்கலாம்.

2020-இல் கொரோனா வந்தபோது சட்டம் தயாராக இருந்தது. ஊரில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறும். எத்தனையாவது நோயாளி, ஆணா பெண்ணா, என்ன வயது, எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போனார் என்று செய்தி வரும். பெயர் மட்டும் இருக்காது. ஆனால் வயதும் பேட்டையும் வேலை இடமும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்க அக்கம்பக்கத்தாருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தில் அங்கே ஏன் போனார், கூட யார் இருந்தது என்று இணையத்தில் துருவ ஆரம்பித்தார்கள். சியோல் தேசியப் பல்கலைக்கழகம் ஆயிரம் பேரிடம் கேட்டபோது, தொற்று வருவதைவிட, வந்த பிறகு கேட்க வேண்டிய பழிச்சொல்தான் அதிகப் பயம் தருவதாகத் தெரிந்தது. மார்ச் 9 அன்று அந்த நாட்டின் மனித உரிமை ஆணையமே இவ்வளவு விவரம் வேண்டியதில்லை என்று எச்சரித்தது. அந்த மாதமே வீட்டு முகவரி போன்றவற்றை வெளியிடக் கூடாது என்று விதிமுறை வந்தது.

உண்மையான சோதனை மே மாதம் வந்தது. சியோலின் இதேவோன் பகுதி இரவு விடுதிகளில் தொற்று பரவியது. அவற்றில் சில தன்பாலீர்ப்பினர் கூடும் இடங்கள் என்று சில பத்திரிகைகள் தலைப்பிலேயே எழுதிவிட்டன. அங்கே ஒருவர் தன்பாலீர்ப்பினர் என்று வெளியே தெரிந்தால் வேலையும் போகலாம், வீட்டில் முகமும் காட்ட முடியாது. விடுதிப் பதிவேட்டில் பலர் பொய்யான விவரம் எழுதியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களைப் பிடிக்க முடியவில்லை. செல்போன் கோபுரக் கணக்கை வைத்து, அந்தப் பக்கம் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பட்டியலை எடுத்தார்கள். பட்டியல் கிடைத்தது. ஆனால் சோதனைக்கு வர வேண்டியது அவர்கள்தானே.

சியோல் மாநகரம் அப்போது செய்த காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம், போன் எண் மட்டும் போதும் என்று அறிவித்தது. பெயருக்குப் பதில் வட்டாரத்தின் பெயரும் ஒரு எண்ணும். சோதனைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ யாருன்னு யாருக்குமே தெரிய வேணாமா?"

தெரிய வேண்டும், சுகாதாரத் துறைக்கு. அவர்கள்தான் மருந்து தருகிறவர்கள், தொடர்பில் இருந்தவர்களைத் தேடுகிறவர்கள். தெருவில் இருக்கிற நமக்குத் தெரிய வேண்டியது எந்த இடம், எந்த நேரம் என்பது. அந்த நேரத்தில் நான் அந்தக் கடையில் இருந்தேனா என்று பார்த்துக்கொள்ள அது போதும். நம் நாட்டிலும் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி தனியாக உத்தரவிட்டால் ஒழிய வீட்டு வாசலில் தாள் ஒட்டக் கூடாது என்றது. எங்கள் தெருவில் அதற்குள் ஒட்டிக் கிழித்தாகிவிட்டது.

கொரியர்கள் அதோடு நிற்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கையால் எழுதிய பதிவேட்டில் போன் எண்ணைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாத ஆண்கள் பெண்களுக்கு மெசேஜ் அனுப்பிய புகார்கள் வந்தன. முதலில் பெயர் எழுதுவதை எடுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் போன் எண்ணுக்குப் பதிலாக ஆளுக்கொரு குறியீடு கொடுத்தார்கள்: நாலு இலக்கம், இரண்டு கொரிய எழுத்து.

"அதை வெச்சு போன் பண்ண முடியாதா?"

முடியாது அண்ணே. தொற்று வந்தால் மட்டும் சுகாதாரத் துறை அதை எண்ணாக மாற்றிக்கொண்டது. பக்கத்து மேஜையில் இருந்தவருக்கு அது வெறும் ஆறு எழுத்து.