சூரியப் புள்ளியின் காந்தம்

கல்யாண் ஜங்ஷனில் வண்டி மாறும் நம்மவர் பலருக்கு இது தெரிந்திராது. 1965-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர், கல்யாண் அருகே 32 கிண்ண ஆண்டெனாக்களை நிறுத்தி, 610 மெகாஹெர்ட்ஸில் சூரியனின் ரேடியோ அலைகளைப் பதிவு செய்தார்கள்.

ரேடியோ எதற்கு? சூரியப் புள்ளி ஒரு பெருங்காந்தம். அதன் மேற்பரப்புக் காந்தத்தை ஒளியைப் பிரித்தே 1908-இல் ஹேல் கண்டுவிட்டார். அதற்கும் மேலே, பத்து லட்சம் டிகிரி கரோனாவில் அந்த வழி எளிதில் பலிக்காது. ஆனால் அங்கே எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றுகின்றன. ஒரு காஸுக்கு நொடிக்கு 28 லட்சம் சுற்று. அப்போது மைக்ரோஅலை வீசுகின்றன, பெரும்பாலும் சுற்றெண்ணின் இருமடங்கிலும் மும்மடங்கிலும். ஆகவே அலைவரிசையைக் கொண்டு காந்தத்தைக் கணக்கிடலாம். கல்யாணின் அலைவரிசை இதற்குக் குறைவு. ஜப்பானின் நொபெயாமாவில் 1992 முதல் 2020 வரை 17 கிகாஹெர்ட்ஸில் பார்த்தார்கள். அதில் புள்ளி பளிச்சிட்டால் கரோனாவின் அடியில் சுமார் 2000 காஸ். மும்மடங்கு என்று கொண்டு வகுத்துப் பாருங்கள், சரியாக வரும்.

சூரிய வெடிப்புக்கான சக்தி இந்தக் காந்தத்தில்தான் சேர்கிறது. ரயில்காரனுக்கு அதனால் என்ன என்பீர்கள். 1982 ஜூலையில் சூரியப் புயலின்போது சுவீடனில் தண்டவாளத்தில் புகுந்த மின்சாரம் ட்ராக் சர்க்யூட்டைக் குழப்பி, வண்டியே இல்லாத இடத்தில் சிக்னல் சிவப்பானது. நல்லவேளை, பச்சையாகவில்லை.