அண்ணன் தம்பிப் பகையும் அயலார் ஆட்சியும்



சங்கரன்கோவிலை அடுத்துள்ள நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டை இருந்த ஊர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் ஆர்க்காட்டு நவாபின் உடன்பிறந்த அண்ணன், தம் தம்பிக்கு எதிராக அவ்வூரில் பூலித்தேவருடன் தங்கியிருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நவாப் அன்வருத்தீன்கான் 1749-இல் ஆம்பூர்ப் போரில் ஷஹீதானார். மூத்த மைந்தர் மஹ்பூஸ்கான் இருக்க, நவாப் பதவி இளையவர் முஹம்மதலியைச் சேர்ந்தது. ஆங்கிலக் கம்பெனியின் துணையால் அவர் அதனை நிலைநிறுத்திக் கொண்டார். அண்ணனின் உள்ளத்தில் அது ஆறாத புண்ணாயிற்று.

1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை திருநெல்வேலிச் சீமைக்கு வரி தண்ட வந்தது. மஹ்பூஸ்கானும் உடன் வந்தார். நெற்கட்டும்செவலை முற்றுகையிட்ட ஹெரான், பணம் கொடுத்தால் விட்டுவிடுவதாகக் கூறினான். பூலித்தேவர் இணங்கவில்லை, படை வெறுங்கையுடன் திரும்பியது. மஹ்பூஸ்கான் இச்சீமையின் குத்தகைதாரராக அமர்ந்தார். 1756-இல் திருநெல்வேலிக்கருகே பூலித்தேவர் அணியுடன் போரிட்டு வென்றார். ஆயினும் குத்தகை கைமாறியதும் மனம் கசந்து, தாம் எதிர்த்த அதே பூலித்தேவருடன் கைகோத்துத் தம்பியின் படைகளை எதிர்த்தார்.

மறவர் பாளையங்களிலும் நிலைமை இதுவே. மேற்குப் பாளையக்காரர்களை ஒன்றுதிரட்டப் பூலித்தேவர் பெரிதும் முயன்றார். பலர் இணைந்தனர், ஒரே இனத்தவரான சிவகிரியார் சேரவில்லை. கிழக்கே எட்டையபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் விலகி நின்றன.

இப்பிளவுகளால் பயனடைந்தவர் யார்? கம்பெனி தன் தளபதி யூசுப்கானை அனுப்பியது. 1761-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் வீழ்ந்தன. பூலித்தேவர் சங்கரன்கோவில் ஆலயத்தினுள் புகுந்து மறைந்தார் என்பது இன்றளவும் மக்கள் வழங்கும் செய்தி. வென்ற யூசுப்கானோ நவாபையும் கம்பெனியையும் பகைத்துக்கொண்டார். தம்முடன் இருந்தவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். முஹம்மதலி 1795-இல் கடன் சுமையோடு காலமானார். 1801-இல் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதையும் கம்பெனியே எடுத்துக்கொண்டது. அண்ணனுக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை, பாளையக்காரருக்கும் இல்லை!

இது பழங்கதை என எண்ணிவிடாதீர்கள். 1991-இல் சோமாலியாவின் சர்வாதிகாரி சியாத் பர்ரே விரட்டப்பட்டார். விரட்டிய இயக்கத்தின் தலைவர்கள் அலி மஹ்தியும் பராஹ் ஐதீதும் ஹவியே என்னும் ஒரே குலத்தின் இரு கிளைகளைச் சேர்ந்தவர்கள்; மார்க்கமும் ஒன்று, மொழியும் ஒன்று. பொது எதிரி அகன்றதும் ஒருவர்மீது ஒருவர் பீரங்கியைத் திருப்பினர். தலைநகர் மொகதிசு வடக்கு, தெற்கு என இரண்டாய்ப் பிளந்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் பசித்த பாலகர்கள் பலர் மடிந்தனர்.

மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரத்தாரும் உறவினரே. தலைமுறைகளாக வெட்டி மடிந்த அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒன்றுசேர்த்தார்கள். இரு சாராரில் ஒருவரை அழித்தல்ல; நீதியுடன் இருவரையும் இணைத்து!

நம் வீடுகளில் பீரங்கிகள் இல்லை. ஆனால் வாப்பா மௌத்தானபின் கடைக்கும் தோட்டத்துக்குமாகப் பேச்சற்றுப்போன உடன்பிறப்புகள் இல்லையா? ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு மற்றவர் செல்லாத குடும்பங்கள் இல்லையா? தம்பியை வெல்ல அயலாரைத் துணைக்கு அழைப்பவர், அந்த அயலாருக்கே வாசற்கதவைத் திறந்துவிடுகிறார். வக்கீல் வீட்டுக்குச் செல்லுமுன் அண்ணன் வீட்டுக்கு ஒருமுறை செல்லுங்கள். முதலில் ஸலாம் சொல்பவர் தோற்றவர் ஆகமாட்டார்.

சிந்திப்பீர்களாக!