நாய்களின் மூட்டு அழற்சிக்குக் கன்னாபிடயால் பயன்படுமா?

தோட்டத்தையும் தொழுவத்தையும் காத்துவரும் நாய்க்கு வயது ஏறினால், படுத்த இடத்திலிருந்து எழச் சிரமப்படும். காலைத் தாங்கித் தாங்கி நடக்கும். படி ஏறத் தயங்கும். மூட்டுகளில் குருத்தெலும்பு தேய்ந்து அழற்சி உண்டாவதே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். கஞ்சாச் செடியில் உள்ள கன்னாபிடயால் என்னும் பொருள் இந்நோயைத் தணிக்குமா என அண்மை ஆண்டுகளில் ஆராயப்பட்டு வருகிறது.

ஒரே செடி, இரு பொருள்கள்

கஞ்சாவில் ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனியே உண்டு. பெண் பூக்களின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் பிசின் ஊறுகிறது. போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினாலும், போதை தராத கன்னாபிடயாலும் இப்பிசினில்தான் உள்ளன. போதை ரகங்களில் முதற்பொருள் மிகுதி. ஹெம்ப் எனப்படும் நார் ரகங்களில் அது மிகக் குறைவு. விதையில் இச்சுரப்பிகள் இல்லை. ஆகவே விதையை ஆட்டி எடுக்கும் எண்ணெயில் கன்னாபிடயால் அநேகமாக இராது.

ஆராய்ச்சி முடிவுகள்

அழற்சியைத் தூண்டும் பொருள்களின் உற்பத்தியைக் கன்னாபிடயால் குறைப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் மூட்டு நோயுற்ற நாய்களில் நடத்திய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம், 12 மணிக்கு ஒருமுறை, 4 வாரங்கள் கன்னாபிடயால் எண்ணெய் கொடுக்கப்பட்டது. ஒப்பிடுவதற்காக, அதே நாய்களுக்கு வேறொரு 4 வாரங்கள் மருந்து சேராத எண்ணெய் தரப்பட்டது. எப்போது எது தரப்பட்டது என்பது நாயின் உரிமையாளருக்கும் பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. ஆய்வை நிறைவு செய்த 16 நாய்களில், மருந்து கொடுத்த காலத்தில் வலி குறைந்து நடமாட்டம் கூடியது.

எனினும், 2021இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், 6 வாரங்கள் கொடுத்தும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இரு ஆய்வுகளிலும் சில நாய்களின் இரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு உயர்ந்தது. எனவே இது நம்பிக்கை தரும் பொருளே தவிர, உறுதிப்பட்ட மருந்து அன்று.

செய்யக்கூடாதவை

மருந்தாகும் என எண்ணிக் கஞ்சா இலையையோ பூவையோ நாய்க்குக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள போதைப்பொருளால் நாய் தள்ளாடும்; மயங்கிக் கிடக்கும்; தன்னையறியாமல் சிறுநீர் கழிக்கும்; இதயத் துடிப்பும் குறையலாம். மேலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்.

வீட்டிலுள்ள வலி மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். ஐபுபுரூபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும்.

செய்ய வேண்டியவை

1. நொண்டும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டவும். முள், காயம், எலும்பு முறிவு ஆகியவற்றாலும் நொண்டல் வரலாம்.
2. நாய்களுக்கென்றே உள்ள அழற்சி நீக்கி மருந்துகளை, மருத்துவர் கூறும் அளவில் மட்டும் கொடுக்கவும்.
3. நாய் பருத்திருந்தால் தீனியைக் குறைத்து எடையைக் குறைக்கவும். மூட்டின் சுமை குறையும்.
4. ஈரத் தரையில் படுக்க விடாமல், உலர்ந்த சாக்கை மடித்து விரிக்கவும்.
5. கட்டியே வைக்காமல், நாள்தோறும் மெதுவாகச் சிறிது தூரம் நடத்தவும்.
6. கன்னாபிடயால் எண்ணெய் என்று எவரேனும் விற்க வந்தால், மருத்துவரைக் கேளாமல் வாங்க வேண்டாம்.

நாயின் வலியைத் தொடக்கத்திலேயே கவனித்தால், அது மேலும் பல ஆண்டுகள் நலமுடன் காவல் காக்கும்.