போதும் என்னும் ஆணை

கையில் ஏற்பட்ட வெட்டுக்காயம் சில நாள்களில் ஆறிவிடுகின்றது. காயத்தின் விளிம்பிலுள்ள கலங்கள் பெருகி இடைவெளியை நிரப்புகின்றன, நிரம்பியதும் நின்றுவிடுகின்றன. பெருகச் சொன்னது எது என்று வினவுவோர் பலர். நிற்கச் சொன்னது எது என்று வினவுவோர் சிலரே.

வளர்ச்சிக் கட்டளை கலத்தின் வெளியிலிருந்து வருகின்றது. வளர்ச்சிக் காரணி எனப்படும் பொருள் கலமென்சவ்விலுள்ள ஏற்பியிற் பொருந்த, அச்செய்தி மென்சவ்வின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ராஸ் என்னும் சிறு புரதத்தை எட்டுகின்றது. ராஸ் தன்னிடமுள்ள ஜீ.டீ.பீ. என்னும் மூலக்கூற்றை விடுத்து, ஜீ.ரீ.பீ. என்பதனை ஏற்கின்றது. முன்னதைவிடப் பின்னதில் ஒரு பொசுபேற்று மிகுதி, அவ்வளவே வேறுபாடு. ஆயினும் அதனால் ராஸ் விழித்தெழுகின்றது. செய்தி புரதத்திலிருந்து புரதத்துக்குக் கைமாறிக் கருவை அடைய, கலம் பெருகத் தொடங்குகின்றது.

விழித்த ராஸ் மீண்டும் உறங்க வேண்டுமாயின், அம்மிகுதிப் பொசுபேற்றை வெட்டி நீக்க வேண்டும். ராஸ் தானாகவும் அதனைச் செய்யும். ஆனால் மிக மெதுவாகவே செய்யும். நியூரோபைப்ரோமின் என்னும் ஒழுங்காக்கற் புரதம் ராஸுடன் இணைந்து அவ்வினையைப் பன்மடங்கு விரைவாக்குகின்றது. அது வளர்ச்சிக்குப் பகையன்று. வளர்ச்சிக்கு அளவு வகுப்பது.

இக்காவல் தளர்ந்தால் நேர்வது யாது? 1882 ஆம் ஆண்டில் ஜேர்மானிய மருத்துவர் வொன் ரெக்லிங்ஹௌசன், தோலிலும் நரம்புகளிலும் கட்டிகள் தோன்றும் ஒரு நோயை விரிவாக விவரித்தார். ஏறத்தாழ 3,000 பேருள் ஒருவரை அது பீடிக்கின்றது. அதன் மூலகாரணம் 1990 இலேயே புலனாயிற்று. 17 ஆம் நிறமூர்த்தத்தில், நியூரோபைப்ரோமினை ஆக்கும் பரம்பரையலகு பழுதுற்றிருந்தது. அப்பரம்பரையலகின் இரு பிரதிகளுள் ஒன்று பிறப்பிலேயே கெட்டிருக்க, நரம்பைப் போர்த்துள்ள ஒரு கலத்தில் மற்றையதும் கெடுமாயின், அங்கே ராஸ் நெடுநேரம் விழித்திருக்கின்றது, கட்டி உருவாகின்றது.

2020 இல், சத்திரசிகிச்சையால் அகற்றவியலாத இத்தகைய நரம்புக்கட்டிகளையுடைய சிறுவர்க்கென, செலுமெற்றினிப் என்னும் மருந்து ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இழந்த புரதத்தை அது மீட்டுத் தருவதில்லை. ராஸ் அனுப்பும் செய்தியை வழியில் மறிக்கின்றது. சிறுவர் பலரின் கட்டிகள் அதனாற் சுருங்கின. எனினும் முற்றாக மறையவில்லை.

இந்நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. பழுது அவர்களிடமே புதிதாய்த் தோன்றியது. இந்நோய் தொற்றுவதன்று, பெற்றோரின் குற்றத்தால் விளைவதுமன்று. உடலிற் கட்டிகளோடு நடமாடும் ஒருவரைக் கண்டு ஒதுங்குவோர் இதனை அறிதல் வேண்டும். அவரிடம் குறைந்திருப்பது, போதும் என்று சொல்லும் ஒரு புரதமே.